சட்டை முதுகில் மூன்றாவது எழுத்து

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவன் பியோ இன்சு. எழுதக்கூடாது என்று கேட்டுக்கொண்டுதான் சொன்னான். அப்புறம் அவனே கொஞ்சம் யோசித்துவிட்டு, "தமிழ்லதானக்கா எழுதுவீங்க? அப்ப எழுதிக்கோங்க. இந்த மொக்போவுல அதை எவன் படிக்கப் போறான்?" என்றான். ஆக, யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதப்படும் கதை இது. நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆரம்பமே கோணல்.

நான் யார் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் முழிப்பீர்கள். மொக்போ பேஸ்பால் மைதானத்தின் மூன்றாம் வாசலுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறேன். இந்த ஊருக்கு வந்து இருபத்தொரு வருடம் ஆகிறது. பேண்ட் சுருக்குவேன், ஜிப் மாற்றுவேன். ஆனால் முக்கியமான வேலை ஜெர்சி முதுகில் பெயர் தைப்பது. ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த ஆட்டக்காரனின் பெயரைத் தைத்துக்கொண்டு போவார்கள். அவனை வேறு டீமுக்கு மாற்றிவிட்டால் அதே ஜெர்சியைத் தூக்கிக்கொண்டு வந்து பெயரைப் பிரிக்கச் சொல்வார்கள். இந்த ஊர் எழுத்தில் அநேகமாக எல்லாருக்கும் மூன்றெழுத்துப் பெயர்தான். தைக்க இருபது நிமிடம், பிரிக்கப் பத்து நிமிடம்.*

* பிரித்த பிறகும் ஊசி போன ஓட்டைகள் துணியில் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் பழைய பெயரைப் படித்துவிடலாம். இதை நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வதில்லை.

2

முதல் வரிக்கு ரொம்பக் கஷ்டப்பட்டேன்.

"தாக் சன்ஹோவின் தோள் செத்துப்போயிருந்தது." இல்லை. அவன் தோளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதுதான் பிரச்சினையே.

"அந்த வசந்தத்தில் மொக்போ நாரைகள் அணியின்—" வசந்தமாம்! மார்ச் மாதம் கடை ஷட்டரைத் தொட்டால் குளிரில் கை ஒட்டிக்கொள்கிறது. பேனா தன் பாட்டுக்கு வசந்தம் என்று எழுதுகிறது.

"பந்து நல்லாருக்குண்ணே!"

இது சரி. இங்கிருந்து தொடங்கலாம்.

"பந்து நல்லாருக்குண்ணே! இன்னைக்கு எவனும் தொட முடியாதுண்ணே!" என்று கத்துவது இன்சுவின் உத்தியோகம். அவன் நாரைகள் அணியின் பயிற்சி கேட்சர். ஆட்டத்தில் இறங்க மாட்டான். பந்து போடுகிற பிட்சர்கள் கையைச் சூடுபடுத்திக்கொள்ளும்போது ஒரு நாளைக்கு முந்நூறு பந்து பிடிப்பான். பந்து கையுறையில் விழும்போது 'பட்'டென்று பெரிய சத்தம் வருகிற மாதிரி பிடிக்க வேண்டும், கூடவே பாராட்டிக் கத்தவும் வேண்டும். பிட்சருக்கு நம்பிக்கை வரவேண்டுமே. பந்து மோசமாக இருந்தால்? அப்போது இன்னும் சத்தமாகக் கத்த வேண்டும்.

பிட்சர் தாக் சன்ஹோ. அவனிடம் இரண்டு வகைப் பந்துதான் உண்டு. ஒன்று நேராகச் சீறிக்கொண்டு வரும். இன்னொன்று அதே மாதிரி வந்து, மட்டைக்கு முன்னால் பொத்தென்று கீழே விழும். எது வருகிறது என்று தெரியாதவரை அடிக்கிறவன் பாடு திண்டாட்டம். எட்டு வருடம் அப்படி ஆட்டிவைத்தான். அப்புறம் இரண்டு வருடம் அவனைப் போட்டு வெளுத்தார்கள். விழுகிற பந்துக்கு ஒருவனும் மட்டையை நீட்டவில்லை. நேர்ப்பந்து வரும்வரை காத்திருந்து மதிலுக்கு வெளியே அனுப்பினார்கள். கோச் தோளைப் பார்த்தார், முட்டியைப் பார்த்தார், கடைசியில் வயதைப் பார்த்தார். முப்பத்து நாலு. இரண்டாம் அணிக்கு இறக்கினார்கள். போன மே மாதம் போஹாங் திமிங்கலங்கள் அணிக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த வாரம் மட்டும் பதினேழு ஜெர்சியில் அவன் பெயரைப் பிரித்தேன்.

3

இந்தப் பகுதி எழுத எளிது, ஏனென்றால் இதைச் சன்ஹோவே பேட்டியில் சிரித்துச் சிரித்துச் சொல்லிவிட்டான்.

போஹாங்கில் முதல் நாள். சாப்பாட்டுக்கூடத்தில் தட்டோடு உட்கார்ந்திருக்கிறான். எதிரே அந்த டீமின் பெரிய மட்டையடிக்காரன் மா தோங்கு வந்து உட்கார்கிறான்.

"நீயும் தொண்ணூத்தொண்ணுதானே?"

"ஆமா."

"நானும்தான். அப்ப டேய் போட்டே பேசுறேன். டேய், விழுற பந்தைப் போடுறதுக்கு முன்னாடி உன் கையுறை வாயைப் பொளந்துக்குதுடா. விரலுக்கு நடுவுல பந்தைச் சொருகுறல்ல, அப்ப. நேர்ப்பந்துன்னா மூடியே இருக்கு. உன்னை அடிச்சே நான் ரெண்டு தடவை ஆல்-ஸ்டார் டீமுக்குப் போனேன். ரொம்ப நன்றி."

"விளையாடாதடா."

"லீக் பூரா தெரியும்டா. உனக்குத்தான் தெரியாது. கிம்ச்சியை இந்தப் பக்கம் தள்ளு."

ஒரே வருடம் பிறந்தவன் என்பதால் வந்த டேய். தோங்கு ஒரு வருடம் இளையவனாக இருந்திருந்தால் "அண்ணே" என்று குனிந்துவிட்டுப் போயிருப்பான், சன்ஹோ இந்நேரம் எங்காவது கோழி வறுத்து விற்றுக்கொண்டிருப்பான். அன்று மத்தியானமே பெரிய கையுறை ஒன்றை மாட்டினார்கள். பதினோரு ஆட்டம், ஒன்பது வெற்றி.

(இங்கே எனக்குக் குழப்பம். கையுறை மட்டும்தான் காரணமா? போஹாங் ரசிகர்கள் தங்கள் ஊர்க் கடல்காற்று என்கிறார்கள். மொக்போவில் மட்டும் என்ன, கடல் இல்லையா? தோங்கு, "இப்ப எது வருதுன்னு சொல்லிட்டுப் போட்டாலும் அடிக்க முடியலை" என்கிறான். அப்படியானால் முன்பு ஏன் அடித்தார்கள்? எனக்குப் பிடிபடவில்லை. சன்ஹோ சொல்லும் காரணம் வேறு. அதைக் கேட்டுத்தான் இன்சு என் கடைக்கு ஓடிவந்தான்.)

அந்தப் பேட்டியின் கடைசியில் சன்ஹோ சொன்னது: "மொக்போவுல எல்லாரும் என்னைக் கைவிட்டப்ப பியோ இன்சு ஒருத்தன்தான் கடைசி நாள் வரைக்கும் என் பந்து நல்லாருக்குன்னு சொன்னான். அவன் பொய் சொல்ல மாட்டான். அந்த வார்த்தையை வச்சுத்தான் நான் விளையாட்டை விடாம இருந்தேன்."

4

"எனக்கு அப்பவே தெரியும்க்கா," என்றான் இன்சு.

"எது?"

"கையுறை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே. நாள் பூரா எதுக்கால குந்திக்கிட்டு அந்தக் கையுறையைத்தானே பாக்குறேன்? தெரியாம இருக்குமா?"

"அப்ப ஏன்டா சொல்லலை?"

"நான் எப்படிக்கா சொல்றது? நாலு வருஷம் மூத்தவரு. ஒரே பள்ளிக்கூடம். அவரு பையைத் தூக்கிட்டுப் பின்னாடி போனவன் நான். அவர்கிட்டப் போயி, அண்ணே நீங்க பந்து போடுறது தப்புன்னா? கோச்சுக்கே தெரியாததைப் பந்து பிடிக்கிறவன் சொன்னா, கோச் மூஞ்சியை எங்க வச்சுப்பாரு? என் வேலை வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிரலாம்னு நினைச்சேன். அதுக்குப் பதிலா இன்னும் சத்தமாக் கத்துனேன்," என்றான்.

ஒரு கதாபாத்திரத்தை எழுதுகிறவள் அவனைச் சந்தேகப்பட வேண்டும். சந்தேகப்பட்டேன். ஒருவேளை இவன் எதையுமே பார்க்கவில்லையோ? தோங்கு சொன்னதைக் கேட்ட பிறகு, தானும் பார்த்ததாகத் தோன்றுகிறதோ? பெரிய கதையில் ஒரு ஓரமாவது தனக்கு வேண்டும் என்று குற்றத்தைத் தலையில் போட்டுக்கொள்கிறானோ? இப்படியே இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்திருந்தது. வாசகர் இன்சுவை நம்பலாமா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டே போவார், நான் ஓரமாக உட்கார்ந்து—

[இங்கே ஒரு பத்தி இருந்தது. பிரித்துவிட்டேன்.]

5

வெளிச்சத்தில் பிடித்தால் படித்துவிடுவீர்கள். நானே சொல்லிவிடுகிறேன்.

இன்சு பொய் சொல்லவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஏனென்றால் இரண்டு வருடத்துக்கு முன்பே என்னிடம் சொன்னான். முட்டியில் கிழிந்த பேண்டைத் தைக்கக் கொண்டுவந்தபோது, இதே பெஞ்சில் உட்கார்ந்து, "அக்கா, அண்ணன்கிட்டச் சொல்லிரவா?" என்று கேட்டான்.

"உனக்கெதுக்குடா வம்பு? கோச் பார்த்துப்பாரு. உன் வேலையைப் பாரு," என்றேன். மிஷினை விட்டுத் தலையைக்கூடத் தூக்கவில்லை.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அந்த அக்டோபரில் சன்ஹோ வந்தான். ஆள் இளைத்துப்போயிருந்தான், பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. நான் குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு இடுப்பளவு பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் கண்ணாடியைப் பார்த்தபடி சிரித்தான்.

"ஊர்ல எல்லாரையும் கேட்டாச்சு, உங்களையும் கேட்டுர்றேன் அக்கா. என் பந்துல என்னதான் குறை?"

இன்சுவுக்குச் சாக்கு இருக்கிறது. அவன் தம்பி. தம்பி அண்ணனுக்குச் சொல்லக்கூடாது. நான் சன்ஹோவைவிடப் பதின்மூன்று வயது மூத்தவள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யார் என்னை என்ன கேட்டிருப்பார்கள்? தையல்காரிக்கு என்ன தெரியும் என்று சிரித்திருப்பான். ராத்திரி படுத்தபோது ஒரு தடவையாவது தன் கையுறையை நினைத்துப் பார்த்திருப்பான். ஆனால் எவன் சொன்னான் என்று தேடுவார்கள், இன்சுவின் பெயர் வரும் என்று பயந்தேன். அந்தப் பயம் நிஜம்தான். நிஜமாக இருந்தும் இன்று அது போதவில்லை.

குண்டூசிகளை எடுக்காமலே, "சரியாயிடும் தம்பி," என்றேன்.

6

இன்று சனிக்கிழமை. போஹாங் அணி மொக்போவுக்கு வந்திருக்கிறது. சன்ஹோ பழைய மைதானத்தில் முதல் தடவையாகப் பந்து போடப்போகிறான். வழக்கப்படி தொப்பியைக் கழற்றிப் பழைய ரசிகர்களைப் பார்த்து இடுப்பு வளையக் கும்பிடுவான். அவன் பெயரைப் பிரிக்கச் சொன்ன அதே ஆட்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள்.

காலை பதினொரு மணிக்கு என் கடைக்கு வந்தான். சதை போட்டிருந்தான். புத்தம்புது போஹாங் ஜெர்சி ஒன்றை மேஜையில் விரித்தான். முதுகு வெறுமையாக இருந்தது.

"இன்சு பேரு தைங்கக்கா. பயிற்சி கேட்சர் சட்டையில பேரே போட மாட்டாங்க தெரியும்ல? பத்து வருஷமாப் பேரில்லாமத் திரியுறான். கும்பிட்டு முடிச்சதும் எல்லார் முன்னாடியும் அவனைக் கூப்பிட்டு மாட்டிவிடப் போறேன்."

"தம்பி..." என்றேன்.

"என்னக்கா?"

"நூல் வெள்ளையா, மஞ்சளா?"

"மஞ்சள். மூணு மணிக்கு வர்றேன்."

அவன் போனதும் இன்சு போன் செய்தான். "அக்கா, அண்ணன் ஏதோ மைதானத்துக்கு நடுவுல கூப்பிடப் போறாராம். நான் போயி நின்னு என்ன பண்றது? கதை எழுதுறீங்கல்ல, முடிவு என்னன்னு சொல்லுங்க. அதையே பண்ணிர்றேன்."

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

இன்சு ஜெர்சியைப் போட்டுக்கொள்கிறான். இருபதாயிரம் பேர் கைதட்டுகிறார்கள். மஞ்சள் நூலில் எழுதிய ஒரு பொய்யை வாழ்நாள் முழுக்க அலமாரியில் தொங்கவிட்டு—

இன்சு அங்கேயே முட்டி போட்டு எல்லாவற்றையும் சொல்கிறான். சன்ஹோ ஜெர்சியை மடித்து அக்குளில் வைத்துக்கொள்கிறான். அடுத்த நிமிடம் அவன் பந்து போட வேண்டும். அவன் நம்பிப் பிடித்திருந்த ஒரே வார்த்தையும் போய்விட்டது. பதினோராவது ஆட்டத்தோடு மறுவாழ்வு—

சன்ஹோ சிரித்துவிட்டு, "எனக்குத் தெரியும்டா," என்கிறான். இது அழகான முடிவு. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. ஆனால் அவனுக்குத் தெரியாது. எனக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக அவனுக்குத் தெரிந்ததாக எழுத முடியாது.

மூன்றிலும் ஒரு ஆளைக் காணோம், கவனித்தீர்களா? மூன்றிலும் நான் கடைக்குள்ளேயே இருக்கிறேன்.

இப்போது மணி இரண்டு ஐம்பது. 'பியோ' தைத்துவிட்டேன். 'இன்' தைத்துவிட்டேன். 'சு' இடது கையில் இருக்கிறது. நாலு பக்கமும் குண்டூசி குத்தி வைக்க வேண்டும். அந்தக் குண்டூசிகள் வாயில் இருக்கின்றன.

உங்களுக்குச் சன்ஹோ அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. நீங்கள் சொன்னால் யார் மூஞ்சியும் தொங்காது, யார் வேலையும் போகாது. விஷயம் முழுக்க உங்களுக்குத் தெரிந்துவிட்டது. நீங்களே சொல்லிவிடுங்களேன்? ஆனால் உங்களுக்கு அவன் பாஷை தெரியாது. அவனுக்கு உங்கள் பாஷை தெரியாது. இரண்டும் தெரிந்தவள் இந்தக் கடையில் நான் ஒருத்திதான்.

கதவில் மணி ஆடுகிறது. பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டான்.

"ஆச்சாக்கா?" என்கிறான்.

வாயிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைக்கிறேன்.