தேவை எழவில்லை

பழைய பனியன் துணியொன்றை ஈரமாக்கி, மகளின் அலுவலக மடிக்கணினியைத் துடைத்துக்கொண்டிருந்தார் சிவபாதசுந்தரம். மூடியில் ஒட்டியிருந்த காப்புறுதிக் கம்பனியின் பெயர், விசைகளின் இடுக்கு, அடியிலிருந்த நான்கு றப்பர் கால்கள், ஒன்றையும் விடவில்லை. முப்பத்தாறு வருடம் அரசாங்கத்தின் கொள்வனவுப் பகுதியில் இருந்தவர். பிறருடைய பொருளைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கியபோது இருந்ததைவிடத் துப்புரவாகக் கொடுக்க வேண்டும் என்பதில் அவரிடம் இரண்டு பேச்சில்லை.

"அண்ணை, அதை வைச்சிட்டுத் தேத்தண்ணியைக் குடியுங்கோ," என்றாள் தங்கை ஜீவராணி. "பதினொரு மணிக்கு ஸ்ரூடியோக்காரனுக்குப் படம் குடுக்கவேணும். ஒரு மணிக்குச் சனம் வரத் தொடங்கிடும். தலைமாட்டில வைக்கப் படம் இல்லாமல் என்ன செய்யிறது?"

"அடையாள அட்டைப் படம் இருக்குத்தானே."

"அதுவோ? அதில பிள்ளை பொலிஸில பிடிபட்டவள் மாதிரி நிக்கிறாள்."

வீட்டின் பின்பக்கமாகக் கடற்கரை ரயில் போனது. வெள்ளவத்தையில் இருபது வருடம் இருந்து காதுக்குப் பழகிப்போன அந்தச் சத்தம் அன்றைக்கு முடியாமல் நீண்டது.

மகள் உஷாந்தி இறந்து இது மூன்றாம் நாள். மதியம் உடல் வீட்டுக்கு வரும், பின்னேரம் தகனம். ஆறு நாள் டெங்குக் காய்ச்சல், அவ்வளவுதான். முப்பத்தெட்டு வயது. கோயில், கலியாணவீடு, பிறந்தநாள் என்று எங்கே போனாலும் படம் எடுக்கிறவள் அவள். ஆகவே மற்றவர்களுடைய படங்களில் அவள் இல்லை. போன மாதம் கைபேசியை பஸ்ஸில் யாரோ களவெடுத்துவிட்டார்கள். புதியதில் ஜீவராணி தேடிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் தொங்கிய சேலைன் போத்தலின் படம் ஒன்று இருந்தது. மிச்சமெல்லாம் இந்த மடிக்கணினிக்குள்தான். நான்கு வருடத்துக்கு முன் தவறிப்போன தாயின் கடைசி வீடியோக்களும் அதற்குள்தான். கடவுச்சொல் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

பத்து மணிக்கு டெரிக் வந்தான். கொட்டாஞ்சேனை ஆள். பன்னிரண்டு வருடம் உஷாந்தியின் எதிர்மேசையில் இருந்தவன். வெள்ளைச் சேட்டின் கழுத்துப் பொத்தானையும் பூட்டியிருந்தான்.

"அங்கிள், இன்னைக்கே எடுக்கணும்னு ஒபிஸில யாரும் கேக்கல. நீங்க கோல் பண்ணிச் சொன்னதுக்காகத்தான் வந்தேன்."

"பிறத்தியார் சாமானை வீட்டில வைச்சுக்கொண்டு என்ர பிள்ளைக்குக் கொள்ளி வைக்க ஏலாது தம்பி."

"கொள்ளி வைக்கமுதல் ஒரு படம் வேணும்," என்று ஜீவராணி இடையில் வந்தாள். "தம்பி, பிள்ளையின்ர படமெல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு. எடுத்துத் தந்திட்டுக் கொண்டு போங்கோ."

டெரிக் தலையைச் சொறிந்தான். "என்னால திறக்க ஏலாது அன்ரி. மேனுகா மிஸ்ஸிடம்தான் கேக்கணும்."

மேனுகா அவர்களுடைய கம்பனியில் கணினிகளுக்குப் பொறுப்பானவள். டெரிக் அவளை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான். அவள் சிங்களத்தில் பேசினாள். உஷாந்தியின் பெயரைச் சொல்லும்போது குரல் உடைந்தது. பிறகு விதியைச் சொல்லும்போது நேராகிவிட்டது. கம்பனி மெஷினில் சொந்தப் படம் வைக்கக் கூடாது. எடுத்துக் கொடுப்பதென்றால், விதியை மீறி உஷாந்தி அப்படி வைத்திருந்தாள் என்று குடும்பத்தார் எழுத்தில் தரவேண்டும். அந்தக் கடிதம் அவளுடைய பணிக் கோவையில் சேரும்.

"அனே அங்கிள், மட்ட சமாவென்ன," என்றாள் கடைசியில்.

மன்னிப்புக் கேட்டவளுக்கு அவர் நல்ல சிங்களத்தில் நன்றி சொன்னார். பிறகு டெரிக்கின் பக்கம் திரும்பினார்.

"பதினாலு வருஷம். ஒரு நாள் பிந்திப் போனவளோ? ஒரு விளக்கக் கடிதம் எழுதினவளோ? செத்தாப் பிறகு அவளின்ர ஃபைலில நான் கறுப்புப் புள்ளி வைக்கிறதோ?"

"ச்சே, அப்பிடி யாரும் நினைக்க மாட்டாங்க அங்கிள்."

"ஆரும் நினைக்கிறது வேற. எழுத்தில இருக்கிறது வேற."

ஜீவராணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அந்தப் படங்களை இதுக்குள்ள வைக்கச் சொன்னது ஆர் அண்ணை?"

அவர் சாப்பாட்டு மேசையைப் பார்த்தார்.

ஆறு மாதத்துக்கு முன் அந்த மேசையில்தான் உஷாந்தி இரண்டு துண்டுப்பிரசுரங்களை விரித்தாள். பம்பலப்பிட்டிக் கடையில் வாங்கி வந்தவை. ஒன்று ஆப்பிள், மற்றது அவள் வேலைசெய்யும் கந்தோரில் இருப்பதைப் போல விண்டோஸ். "எது நல்லம் அப்பா?" என்று கேட்டாள். தன் பணத்தில் வாங்குகிறவள் கேட்டிருக்கத் தேவையில்லை. ஆனாலும் கேட்டாள். அவருக்குச் சந்தோஷம். கொள்வனவுச் சபைக்கு வந்த விலைக் கேள்விப்பத்திரங்களைப் போல இரண்டையும் எடுத்துக்கொண்டு, கோடு போட்ட தாளில் நிரல் பிரித்தார். எத்தனை வருடம் உழைக்கும், பக்கத்தில் திருத்த ஆள் உண்டா, கந்தோர் ஆவணம் திறக்குமா. இரண்டு நாள் வேலை. "தேங்காய் வாங்கவும் அண்ணைக்கு மூண்டு கொட்டேசன் வேணும்" என்று ஜீவராணி பகிடி பண்ணினாள். ஆப்பிளில் கந்தோர் வேலை சரிவராது என்று தள்ளினார். மற்றது கந்தோர் மெஷினே போலத்தான், பிறகு எதற்கு என்று அதையும் தள்ளினார். அடியில் எழுதினார்: கம்பனி வழங்கியது நல்ல நிலையில் உள்ளது. தேவை எழவில்லை. கையொப்பமும் வைத்தார்.

"வீடு வேற, வேலை வேற அப்பா," என்றாள் அவள். "என்ர சாமான் என்னோட இருக்கட்டும் எண்டுதான்."

"உன்ர சாமானை அதிலயே வை. ஆர் வேண்டாமெண்டது?"

அவள் வாதாடுகிற பிள்ளை இல்லை. வைத்தாள்.

சிவபாதசுந்தரம் எழுந்து போய், கோடு போட்ட தாளும் பேனையும் கொண்டுவந்தார். நிமிர்ந்து உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினார். தம் மகள் கம்பனியின் விதிக்கு மாறாகச் சொந்தக் கோப்புகளை வைத்திருந்தாள் என்று முதல் வசனம். அது தகப்பனாகிய தமது பணிப்பின் பேரில் நடந்தது என்று இரண்டாவது. ஓய்வு பெற்ற பதவியைப் பெயரின் கீழ் எழுதுவது அவர் வழக்கம். அன்றைக்கு எழுதவில்லை.

டெரிக் கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பினான். ஐந்து நிமிடத்தில் மேனுகா திரும்ப அழைத்தாள். புதிய கடவுச்சொல் போட்டுவிட்டேன், வீட்டு வைஃபையோடு இணைத்தால் திறந்துவிடும் என்றாள். மின்கலம் இறங்கிக் கிடந்தபடியால் சார்ஜரைச் சுவரில் செருகினார்கள். ஜீவராணி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அந்தக் காலிமுகத்திடல் படம் இருக்கவேணும் தம்பி. நீலச் சேலை. சிரிச்சுக்கொண்டு நிப்பாள்."

"ஓ, அது நான் எடுத்தது அன்ரி," என்றான் டெரிக். "ஒரே ஒரு ஃபோட்டோ எடுக்க விட்டா. அதையும் தனக்கு அனுப்பிட்டு என்னோட ஃபோனில இருந்து அழிச்சுட்டா."

திரை வெளித்தது. இணைத்தான். சின்ன வட்டமொன்று சுழன்றது. திறக்கவில்லை. திரை கறுத்து, ஒரு வரி ஆங்கிலமும் பக்கத்தில் ஓர் எண்ணும் வந்தன. இரண்டு வீதம். ஏழு வீதம்.

"மிஸ், என்ன இது? அழியுது மிஸ்!" டெரிக் துண்டிக்காத கைபேசிக்குத் தமிழில் கத்திவிட்டு, பிறகு சிங்களத்தில் கத்தினான். வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கினான். எண் நிற்கவில்லை. அந்தப் பக்கத்தில் மேனுகா யாரையோ ஏசுவது கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: ஊழியர் விவகாரம் பார்க்கும் ஆளணிப் பகுதி தனக்குத் தெரியாமல் முந்தாநாள் காலை எட்டு மணிக்கே அழிக்கும் கட்டளையைக் கொடுத்திருக்கிறது. இணைப்பு வரும்வரை அது காத்திருந்திருக்கிறது. மரணம் பற்றி யாரோ நேரத்தோடு அறிவித்துவிட்டார்களாம்.

உஷாந்தியின் உயிர் போனது விடிய ஐந்தரைக்கு. ஏழரைக்குச் சிவபாதசுந்தரம் ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று கம்பனிக்கு அறிவித்தார். அறிவிக்காமல் வேலைக்குப் போகாதிருக்கும் வழக்கம் தம் குடும்பத்தில் இல்லை என்றும் சொன்னார். கல்கிசையில் இருக்கும் ஜீவராணிக்கு ஒன்பது மணிக்குத்தான் சொன்னார்.

ஜீவராணி அவரைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். பிறகு அடையாள அட்டையை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஸ்ரூடியோவுக்குப் படியிறங்கினாள்.

பன்னிரண்டு ஆவதற்குச் சற்று முன் மடிக்கணினி புதிதாய் விழித்தது. எந்த நாடு என்று கேட்டது. டெரிக் எதையோ அழுத்தினான். சொந்தப் பாவனைக்கா, வேலைக்கா என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு நின்றது.

"அங்கிள்..." என்றான் டெரிக்.

"கொண்டு போங்கோ தம்பி. மழை வரும்போல கிடக்கு, பைக்குள்ள வையுங்கோ."

டெரிக் மூடியைச் சாத்தினான். சிவபாதசுந்தரம் சுவரடிக்குப் போய் மின் ஆளியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, வயரைச் சிக்கில்லாமல் சுற்றினார். சார்ஜரின் கறுப்புக் கட்டி இன்னும் சூடாக இருந்தது. டெரிக் பையைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அவர் அதை இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு, ஆறும்வரை கொடுக்கவில்லை.