ரவிக்கையில் தேயிலைக் கறை

விடியுமுன்னே சல்லடை மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டோரம் இருக்கும் அந்தத் தகரக் கொட்டகையில், மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் கிரீன் டீயைச் சலித்து, டப்பாவில் அடைத்து, ஸ்டிக்கர் ஒட்டுவது எங்கள் வேலை. தூள் பறக்கும் என்று ஃபேன் போட விடமாட்டார்கள். மூக்கில் துணி கட்டியும் தும்மினால் பச்சையாக வரும். வேர்வையில் தூசி அப்பிக்கொள்ளும். எங்களையே வெந்நீரில் போட்டு டீ வடிக்கலாம் என்பாள் சல்லடைக்கார முத்துத்தாய்.

"மார்பகப் புற்றுநோய் வராமல் காக்கும்" என்று ஸ்டிக்கரில் கொட்டை எழுத்து. அதை ஒட்டுகிறவள் மாரிசெல்வி. பனவடலிசத்திரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். கையும் வேகம், வாயும் வேகம். கொஞ்ச காலமாக அந்த வாய் ஓய்ந்து கிடந்தது.

அன்று காலை எட்டி டப்பா எடுக்கையில் அவள் முந்தானை விலகியது. ரவிக்கையின் இடப்பக்கம் ஈரமாகக் கறை படிந்திருந்தது. பின்னால் தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்துப் போனேன்.

"என்னட்டி இது?"

"ஒண்ணுமில்ல, ஜரினாக்கா."

"ஒண்ணுமில்லாமத்தான் நனைஞ்சிருக்கா?"

அழுதுவிட்டாள். பொங்கலுக்குக் குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டதாம். அன்றிலிருந்து சல்லடைக்குக் கீழே கொட்டும் தூசியை முந்தானையில் முடிந்துகொண்டு போய்க் கொதிக்கவைத்துக் குடித்திருக்கிறாள். வீக்கம் என்றால் பத்துப் போட்டுப் பழகியவள், மிஞ்சிய சக்கையைத் துணியில் பொதிந்து கட்டியின் மேலும் வைத்திருக்கிறாள்.

"கொறைஞ்சிருக்கா?"

"பெருசாயிருக்குக்கா."

என் கையைப் பிடித்து அங்கே வைத்தாள். கல்லாக இருந்தது. கையை எடுத்துவிட்டேன். அல்லாவே, அப்போது எனக்கு வந்த பயத்தை அவளிடம் காட்டாமலிருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"நாமதானக்கா ஒட்டுதோம், காக்கும்னு. பொய்யவா அச்சடிப்பாங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போவோம், வா" என்றேன்.

"லீவு போட்டா மறுநா உள்ள விட மாட்டாரு. பிள்ளைக்குக் காய்ச்சல்னு நின்னாளே ஷமீரா, அவ கதி தெரியும்லா? எம் மவ படிப்பு என்னாகும்?"

முதலாளி முத்துக்கிருஷ்ணனிடம் நானே போய்க் கேட்டேன். மாரிசெல்வி என் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"அண்ணாச்சி, இவ ஆஸ்பத்திரிக்குப் போணும். மார்ல கட்டி இருக்கு."

அவர் எழுந்துபோய் முதலில் கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசு. இந்தச் சரக்க அடைக்கிறவளுக்கே கட்டின்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்?"

"அவ உசுரு அண்ணாச்சி."

"யாரு இல்லன்னா? நல்ல டப்பாவா எடுத்துட்டுப் போயிக் குடிக்கச் சொல்லு. கரைஞ்சிரும்."

"பொங்கல்லேருந்து குடிக்கா. கரையல. ஒங்க வீட்டம்மாவுக்கு இப்படின்னா டப்பாவக் குடுத்துட்டு ஒக்காந்திருப்பீங்களா?"

அவர் முகம் சிவந்துபோயிற்று. "போறதுன்னா போங்க. திரும்பி வர வேண்டாம். ரெண்டு பேரும்தான்."

மாரிசெல்வி போய் ஸ்டிக்கர் சுருளின் முன் உட்கார்ந்தாள். ஒட்டவும் ஆரம்பித்துவிட்டாள்.

திடீரென்று சல்லடை நின்றது. முத்துத்தாய்தான் மோட்டாரை அணைத்திருந்தாள்.

"உள்ள என்னட்டி சத்தம்? சொல்லு."

மாரிசெல்வியைப் பார்த்தேன். தலையசைத்தாள். சொன்னேன். ஒவ்வொருத்தி கையும் தன்னை அறியாமல் தன் மார்புக்குப் போயிற்று. எல்லோருமே அந்த டீயை நம்பி இருந்தவர்கள்தான்.

"நான் ஒரு நாளும் தொட்டுப் பாத்ததில்ல" என்றாள் முத்துத்தாய். "அதான் டீ குடிக்கோமேன்னு இருந்துட்டேன். ஒருத்தி போனா வெளிய தள்ளுவாரு. எல்லாரும் போனா சல்லடைய அவரா ஆட்டுவாரு? எந்திரிங்கட்டி."

கேட்டில் முதலாளி வழிமறித்தார். "இன்னைக்கு லோடு போணும்! ஒருத்திக்கும் வேல கெடையாது, பாத்துக்கோங்க!"

"நாளைக்கு ஷமீராவையும் கூட்டிட்டுத்தான் வருவோம் அண்ணாச்சி" என்றாள் முத்துத்தாய். "அந்த ஸ்டிக்கர மட்டும் நாங்க இனி ஒட்ட மாட்டோம்."

அரசு ஆஸ்பத்திரி பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். வேலை போய்விட்டதா இருக்கிறதா, யாருக்கும் தெரியாது. முத்துத்தாய் நர்ஸிடம் டீயைப் பற்றிக் கேட்டாள்.

"அதுல உள்ள சத்துகள வச்சு ஆராய்ச்சி நடக்கு" என்றார் நர்ஸ். "கேன்சர் வராம தடுக்கும்னு இன்னும் முடிவா சொல்லல. இருக்கிற கட்டிய டீ கரைக்காதும்மா. எல்லாக் கட்டியும் கேன்சரும் இல்ல. ஆனா பாக்காம விடக் கூடாது."

மாரிசெல்வி பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழவில்லை.

"பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான்ட்டி."

நான் அவள் கையைப் பிடித்து எழுந்தேன். முத்துத்தாய் எழுந்தாள். பெஞ்சு மொத்தமும் எழுந்தது.

"ஒரு ஆள் வந்தாப் போதும்மா" என்றார் நர்ஸ்.

"நாங்களும் காட்டத்தான் வந்திருக்கோம்" என்றாள் முத்துத்தாய்.

மாரிசெல்வி சுவர்ப்பக்கம் திரும்பி, ரவிக்கைக்குள்ளிருந்து அந்த ஈரத் துணிப்பொதியை எடுத்தாள். குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் போனாள். அவளுக்குப் பின்னால் நாங்கள் வரிசையாக நின்றோம்.