தேதிப் பொட்டலங்கள்

டீசல் தட்டில் ஒரு பதினான்கு மிதக்கிறது, தினசரி காலண்டரில் கிழித்த தாள், எண்ணெய் ஏற ஏறத் தாள் கண்ணாடியாகிறது, அடியில் கிடக்கும் போல்ட்டுகள் தேதிக்குள்ளேயே தெரிகின்றன, பக்கத்தில் ஒரு இருபது, ஒரு மூன்று, கையை விட்டு அவற்றை வழித்தெடுக்கிறேன், பந்தாக உருட்டி வாளியில் எறிகிறேன், அடுத்த பொட்டலத்தைப் பிரிக்கிறேன், நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, ஞாயிற்றுக்கிழமை, ஷெட்டின் தகரத்தில் வெயில் ஏறியிருந்தது, இருநூற்றுப் பதினொரு பொட்டலங்கள், ஒன்றில் நாலு போல்ட், ஒன்றில் எட்டு நட், ஒன்றில் வெறும் ஒரு ஸ்பிரிங், எல்லாவற்றையும் ஒரே தட்டில் கழுவிவிட்டால் சுத்தமாக ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன், சுத்தமாக என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பொட்டலங்கள மட்டும் இவரக் கேக்காமப் பிரிச்சிடாதீங்க தம்பி, ரோசலின் அம்மா சொல்கிறார், நான் காரை வாங்கப் போன நாள், போத்தனூரில் அவர்கள் வீட்டு வாசல், பக்கத்தில் நாற்காலியில் அவர் கணவர் இன்னாசி சார், ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வலது கை மடியில் கிடக்கிறது, பக்கவாதம் வந்து எட்டு மாதம், பேச்சு ஒவ்வொரு சொல்லாக இறங்குகிறது, அவருக்குப் பின்னால் சாக்கு போர்த்திய பழைய ஹெரால்ட் கார், கதவில்லை, என்ஜின் தனியே ஒரு பலகையில், இவர் எதையும் எழுதி வைக்கமாட்டாரு தம்பி, அன்னைக்கு எதக் கழட்டுனாரோ அத அன்னைக்குத் தேதித் தாள்லயே மடிச்சு வச்சிருவாரு, கடைசித் தேதியில இருந்து பின்னால பின்னால போனா வண்டி தானா நின்னுக்கும்னு சொல்லுவாரு, என் பேரே இன்னும் இவருக்கு வர்றதில்ல, மார்ச் பத்து என்னங்கன்னு கேளுங்க, சொல்லுவாரு, என்றார், நான் கேட்டேன், மார்ச் பத்து என்ன சார், அவர் கண்ணை மூடினார், இடது கதவு, மேல் கீல், மூணு போல்ட், ஒண்ணு, மரை போனது, என்றார், ரோசலின் அம்மா சிரித்தார், அவரும் பாதி வாயால் சிரித்தார், நானும் சிரித்தேன், என் கண் மட்டும் சாக்கு விலகிய இடத்தில் பானெட்டின் வளைவில் இருந்தது, அந்த வளைவில் என் முகம் கறுப்பாக நீண்டிருந்தது, நான் தலையாட்டினேன், எதற்கு ஆட்டுகிறேன் என்று தெரியாமல்.

நாமக்கல்லிலிருந்து ஒருத்தர் வந்து கேட்டாராம், பாகம் பாகமாக விற்றுவிடுவார் என்று கொடுக்கவில்லை, நீங்க ஓட்டறதுக்கு வாங்கறீங்க, அதான் தம்பி, என்றார் ரோசலின் அம்மா, இவரே வந்து உக்காந்து எதை எங்க மாட்டணும்னு சொல்லட்டும், முத தடவ ஸ்டார்ட் ஆகறப்ப முன் சீட்ல இவர் இருக்கணும், வேற ஒண்ணும் கேக்கல, கண்டிப்பாம்மா என்றேன், கண்டிப்பாக என்று எத்தனை சுலபமாக வந்தது.

கார் வந்த இரண்டாவது ஞாயிறே பிரித்தேன், ஏன் காத்திருக்கவில்லை, அவர் வந்தால் ஒரு சொல்லுக்கு ஐந்து நிமிடம் ஆகும் என்றா, கார் என்னுடையது என்று எனக்கே காட்டிக்கொள்ளவா, தெரியவில்லை, கழுவி முடித்தபோது தட்டு நிறைய பளபளவென்று போல்ட்டுகள், எல்லாம் ஒரே மாதிரி, ஒன்றைக் கையில் எடுத்தேன், இது எது என்று அப்போதுதான் கேட்டுக்கொண்டேன், வாளியைக் கவிழ்த்தேன், தாள்கள் கூழாகியிருந்தன.

ஜக்கரியா பாய் வருகிறார், உக்கடத்தில் மெக்கானிக், காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பையிலிருந்து காந்தத்தை எடுத்துக் கதவடியில் வைக்கிறார், காந்தம் விழுகிறது, இன்னொரு இடத்தில் வைக்கிறார், விழுகிறது, இரும்பு எங்கீங்க சார், பூரா ஓட்டைய அடைச்சுப் பூசுன பட்டி மாவுலதான் நிக்குது, என்கிறார், தரைத்தகட்டைச் சுத்தியலால் தட்டுகிறார், சுத்தியல் உள்ளே போய்விடுகிறது, ஹெட்லைட் வளையம் ரெண்டும் இடதுபக்கத்துது, வைப்பர் மோட்டார் வேற வண்டிது, அதெல்லாம் சரி பண்ணிக்கலாம், போல்ட்டெல்லாம் எங்க, தட்டைக் காட்டுகிறேன், பாய் குந்தி உட்கார்ந்து ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொட்டுகிறார், கலப்பட அரிசி மாதிரி இருக்குதுங்க, அடுத்தவர் பிரிச்ச வண்டிய வாங்குனா அவரு மண்டையையும் சேத்து வாங்கோணும் சார், நீங்க மண்டையக் களுவிப்போட்டீங்களே, என்று சிரிக்கிறார், நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் காந்தத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ரோசலின் அம்மா போன் செய்தார், வர்ற ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு இவரக் கூட்டிட்டு வரவா தம்பி, நாலு நாளா பொட்டலம் பொட்டலம்னு அதே பேச்சு, பத்திரமா இருக்குல்ல, இருக்கும்மா, எல்லாம் பத்திரமா இருக்கு, என்றேன், போனை வைத்தபின்னும் அந்தக் குரல் காதில் இருந்தது, அவருடையதல்ல, என்னுடையது.

வீட்டுப் பரணில் பிரிக்காத காலண்டர்கள் இருக்கும், கடைக்காரர்கள் கொடுப்பதை எல்லாம் யார் மாட்டுகிறார்கள், சுருட்டியது சுருட்டியபடி ரப்பர் பேண்டோடு கிடக்கும், இன்னாசி சார் வண்டியைப் பிரித்த அதே வருடத்துக் காலண்டர் கிடைத்தபோது எனக்கு வந்தது நிம்மதி, வெட்கம் அல்ல, இரண்டு மதியங்கள் ஷெட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தாள் தாளாகக் கிழித்தேன், கைக்கு வந்த நாலு போல்ட்டை வைத்து மடித்தேன், அவர் மாதிரியே முனையை முறுக்கினேன், கிரீஸை விரலால் தேய்த்துத் தாளைப் பழசாக்கினேன், இருநூற்றுப் பதினொன்று, எண்ணிக்கையில் மட்டும் நேர்மையாக இருந்தேன்.

இன்னாசி சார் ஆட்டோவிலிருந்து இறங்குகிறார், வெள்ளைச் சட்டை, பையில் மடித்த ஏதோ ஒரு தாள், ரோசலின் அம்மா காரைப் பார்த்து, ஐயோ, தொடச்சு வச்சதுக்கே ராசாவாட்டம் நிக்குதே, என்று அதைச் சுற்றி வருகிறார், நான் நாற்காலி போட்டு முன்னால் ஸ்டூலில் பொட்டலங்கள் குவித்த தட்டை வைக்கிறேன், இன்னாசி சார் இடது கையால் ஒரு பொட்டலத்தை எடுக்கிறார், இருநூற்றுப் பதினொன்றில் அந்த ஒன்றை, முறுக்கை அவிழ்க்காமல் விரலால் தடவுகிறார், பிறகு அவிழ்க்கிறார், தாளை முழங்காலில் வைத்து நீவுகிறார், சிவப்பு ஏழு, ஏப்ரல் ஏழு, மேலே பொடி எழுத்தில் புனித வெள்ளி என்று இருக்கிறது, கிழித்த என் கண்ணில் அது படவே இல்லை, எனக்கு அது ஒரு சிவப்புத் தாள், அவ்வளவுதான்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், நெடுநேரம், அன்னைக்கு, என்றார், அன்னைக்கு நான், சிலுவைப் பாதைல, முட்டிபோட்டு, இருந்தேன், சுத்தியலக்கூட, தொடமாட்டேன், காரின் அந்தப் பக்கத்திலிருந்து ரோசலின் அம்மா, என்னங்க, என்னமோ சொல்றீங்க, சரியாத்தான இருக்கு, என்று கேட்டார், அவர் என்னிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை, நான் நின்ற இடத்தில் எனக்கு வயது குறைந்துகொண்டே போனது, அவர் சொன்னார், இருக்கு ரோசி, எல்லாம், சரியா இருக்கு.

எட்டு மாசத்துக்கப்பறம் மொத தடவ எம் பேரச் சொல்லிட்டாரு தம்பி, என்று ரோசலின் அம்மா ஓடி வருகிறார், கண்ணைத் துடைக்கிறார், எல்லாம் இந்த வண்டியப் பாத்ததுதான், உங்களுக்குப் புண்ணியம், என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறார், கிரீஸ் படிந்த அந்தக் கையை, சொல்ல வேண்டியது அப்போதுதான், சொல்லவில்லை, இப்போது இங்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாருக்கு.

போகும்போது அவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார், அன்றைய தேதித் தாள், இன்னும் காலையில கிழிச்சுப் பைல வச்சுக்கறாரு, சுத்தி வைக்கத்தான் ஒண்ணுமில்ல, என்றார் ரோசலின் அம்மா, அவர் அந்தப் பொய்ப் பொட்டலத்திலிருந்து ஒரு போல்ட்டை எடுத்தார், ஒற்றைக் கையால் அந்தத் தாளில் வைத்தார், மடித்தார், முறுக்குவதற்கு முனையைப் பல்லால் பிடித்துக்கொண்டார், என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார், இதுல இருந்து, ஆரம்பிக்கணும், என்றார், ஆட்டோ திரும்பிப் போனது.

இருநூற்றுப் பத்து பொட்டலங்களையும் பிரித்துவிட்டேன், தாள்களை எரித்தேன், ஞாயிறுதோறும் ஜக்கரியா பாய் வருகிறார், ஒரு போல்ட்டை எடுக்கிறோம், ஓட்டை ஓட்டையாக வைத்துப் பார்க்கிறோம், பொருந்தினால் ஒன்று, பெரும்பாலும் பொருந்துவதில்லை, இன்னாசி சார் கொடுத்த பொட்டலம் மட்டும் ஷெட்டு ஜன்னலில் இருக்கிறது, அதை நான் பிரிக்கவில்லை, கேட்காமல் பிரிக்கக் கூடாது, கேட்கப் போத்தனூருக்கு இன்னும் போகவில்லை, ஜன்னலில் வெயில் விழுகிறது, என் கையிலிருந்து அதில் ஒட்டிய எண்ணெய் நாளாக நாளாகப் பரவுகிறது, தாள் கண்ணாடியாகிறது, ஒரு பதினாறு, அதற்குள்ளே ஒரு போல்ட், பிரிக்காமலே தெரிகிறது.