ஈரம் காயாத உத்தரம்

கிழக்கு வெளுக்கும் முன்பே லெய்சாலேயின் கழுத்துத் தோல் உரிந்துவிட்டது. அரிசிச் சாக்கில் அள்ளிய பவளமணல் ஈரத்தோடு கனக்கும். சாக்கின் முரட்டு இழை கழுத்தைச் சுரண்டும். ஒழுகும் உப்புநீர் அந்தச் சிராய்ப்புக்குள் இறங்கி முதுகுவரை எரியும். கடற்கரையிலிருந்து மேட்டுக்கு ஏறும் பெண்கள் மூச்சை மட்டும் விட்டுக்கொண்டு ஏறினார்கள்.

"கடலைக் கொஞ்சங் கொஞ்சமாத் தூக்கியாந்து வீடு கட்டுறோம்," என்றாள் பின்னால் வந்த லெய்பாக். "அடுத்த புயலுக்கு வேலை மிச்சம்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு இருமலாக முடிந்தது.

போன புயல் அந்தத் தீவு ஊரில் விட்டுவைத்தது தேவாலயத்தின் சுவர்களையும் ஒரு தண்ணீர்த் தொட்டியையும்தான். கடல்கடந்த ஒரு தொண்டு நிறுவனம் புயலுக்கு அசையாத வீடுகள் கட்டித்தரப் பணம் அனுப்பியது. தலைநகர் விலாவின் காண்ட்ராக்டர் ரஸ்ஸல் வேலையை எடுத்தான். "உங்க வீட்டை நீங்களே கட்டிக்கிறீங்க, அதுக்கு எதுக்கு முழுக்கூலி?" என்று முதல் வாரமே பாதியாக வெட்டினான். பிறகு அந்தப் பாதியிலும் பாதிக்கு டின் மீனும் அரிசியும் கொடுத்தான். ஆற்றுமணல் ஏற்றிவர லாரிக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும். கடல்மணலுக்குப் பெண்களின் தோள் போதும்.

முதல் வீடு லெய்சாலேயுடையது. புருஷன் ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கப் போயிருந்தான். புயலடித்த நாளிலிருந்து அவளும் இரண்டு பிள்ளைகளும் நீலத் தார்ப்பாயின் கீழ்தான் படுக்கிறார்கள். சுவர் எழும்பி, மேலே சுற்றிவர உத்தரத்துக்குக் கான்கிரீட்டும் போட்டாயிற்று. இனி கூரைதான்.

அவள் மூட்டையைக் கொட்டியபோது அவள் தம்பி கல்கோட் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே மேஸ்திரி தாரி. பெந்தகோஸ்து தீவுக்காரன், இந்த ஊரில் பெண்ணெடுத்துத் தங்கிவிட்டவன்.

"மச்சான், நேத்து சாயங்காலம் ஊத்துனது. நகத்தால கீறுனா வருது. இப்பவே முட்டுக்கம்பத்தை உருவச் சொல்றியே?"

"வெள்ளிக்கிழமை பணம் குடுத்த வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க. முட்டுக்கொடுத்து நிக்கிற வீட்டுக்கு முன்னாலயா போட்டோ எடுப்பாங்க? பலகையைப் புடி."

"உனக்கே தெரியும், மச்சான்."

"தெரியும். புடிடா."

கல்கோட் இரண்டு கைகளையும் உயர்த்திப் பலகையைத் தாங்கினான். தாரி யார் முகத்தையும் பார்க்காமல் சுத்தியலை வீசினான். முதல் முட்டு விழுந்தது. இரண்டாவது விழுந்தபோது ஈரச்சாக்கு கிழிவது போல ஒரு சத்தம். அந்தப் பக்கத்து உத்தரம் முழுநீளத்துக்கும் இறங்கியது.

தூசி அடங்கியபோது கல்கோட்டின் தலையும் ஒரு கையும்தான் வெளியே தெரிந்தன. அந்தக் கை மண்ணைப் பிராண்டிக்கொண்டிருந்தது. லெய்சாலே விரல்களால் கான்கிரீட்டைத் தோண்டினாள். அது கட்டித்தயிர் போலப் பெயர்ந்து வந்தது. நகம் ஒன்று பிய்ந்து அதிலேயே தங்கியது. கடப்பாரை போட்டுப் புரட்டி அவனை இழுத்தபோது இடுப்புக்குக் கீழே தட்டையாக இருந்தது. அவன் அலறவில்லை. அலற நெஞ்சில் இடமில்லை.

ரஸ்ஸலின் லாரி சிமெண்ட்டோடு நின்றது. ஆண்கள் கல்கோட்டைத் தூக்கிக்கொண்டு அதை நோக்கி ஓடினார்கள்.

"மூட்டையை இறக்குங்க முதல்ல," என்றான் ரஸ்ஸல். "ரத்தமும் ஈரமும் பட்டா அத்தனையும் கட்டியாப் போகும்."

இறக்கினார்கள். அதுதான் அன்று அவர்கள் செய்த கடைசிக் கீழ்ப்படிதல். பாதி மூட்டை இறங்குவதற்குள், அக்காளின் மடியில், வாயில் கொப்புளித்த ரத்தத்தோடு கல்கோட் செத்துப்போனான்.

மறுநாள் காலை புதைத்தார்கள். புதைகுழி மண்ணை மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தபோதே ரஸ்ஸல் வந்தான். ஒரு மூட்டை அரிசி, துக்கத்துக்குக் கொடுக்கும் துணிச்சுருள், ஒரு சாவி.

"நடந்தது நடந்துபோச்சு, லெய்சாலே. இந்தா, உன் வீட்டுச் சாவி. ஊர்லயே முதல் சாவி."

"கூரையில்லாத வீட்டுக்குச் சாவி எதுக்கு?"

"இன்னைக்கு உத்தரத்தைத் திரும்ப ஊத்துனா வெள்ளிக்கிழமைக்குள்ள கூரையும் ஏறிடும்."

"அதே மணலு, அதே கம்பியா?"

"கம்பிக்கு என்ன கொறைச்சல்?"

"என் சடை அதைவிடத் தடிப்பு, முதலாளி," என்றாள் லெய்பாக்.

ரஸ்ஸலின் முகம் சிவந்தது. "வேண்டாம்னா சொல்லிடுங்க. வீடு கேட்டு இன்னும் எத்தனையோ ஊரு வரிசையில நிக்குது. புயல் மாசம் பொறந்தாச்சு. தார்ப்பாய்க்கு அடியில பிள்ளைங்களை வச்சுக்கிட்டு ரோஷம் பேசுங்க."

ஊர்த்தலைவர் மனாசே மண்ணையே பார்த்தார். அடுத்த வீடு அவருடையது.

ரஸ்ஸல் சாவியை அரிசி மூட்டையின் மேல் வைத்துவிட்டு லாரியை எடுத்துவரப் போனான். லெய்சாலே அதைத் தொடவில்லை.

"என் தம்பி மேல விழுந்தது கான்கிரீட்டு இல்ல," என்றாள். "நம்ம மூடுன வாய். கம்பி மெலிசுன்னு பார்த்தோம், மணல் கரிக்குதுன்னு பார்த்தோம். வீடு கைவிட்டுப் போயிடுமோன்னு கலவையை அள்ளி அள்ளிப் போட்டோம். நானும்தான் சுமந்தேன்."

அவள் புதருக்குள் போய் நமேலே மரத்தில் இரண்டு ஓலைகளை வெட்டினாள். வேலையிடத்து வாசலில், இரு கம்பங்களுக்கும் நடுவே அவற்றைக் குறுக்காகக் கட்டினாள். நமேலே கட்டிய இடத்தை மீறிக் கால் வைக்கக் கூடாது. மீறியவன் பன்றி கொடுத்துத்தான் மறுபடி தலைநிமிர முடியும். ஆனால் அதைக் கட்டும் உரிமை தலைவருக்கு மட்டுமே உண்டு.

"அது நான் கட்ட வேண்டியது," என்றார் மனாசே.

"கட்டலியே, சித்தப்பா."

லெய்பாக் வந்து ஓலைக்குப் பின்னால் நின்றாள். பிறகு மணல் சுமந்த பெண்கள், அப்புறம் கலவை போட்ட ஆண்கள் என்று ஒவ்வொருவராக வந்து நின்றார்கள்.

லாரி வந்தது. தாரி ஓட்டினான். ஓலையைக் கண்டதும் வண்டி நின்றது.

"வண்டியை மேல ஏத்து," என்றான் பக்கத்திலிருந்த ரஸ்ஸல்.

"முடியாது முதலாளி."

"நேத்து ஒருத்தனைக் கொல்ல முடிஞ்சது. இன்னைக்கு ஒரு ஓலையை மிதிக்க முடியாதா?"

தாரி ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தான். ரஸ்ஸல் அவன் வாயில் குத்தினான், சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினான், தானே உட்கார்ந்து மிதித்தான். ஓலை சக்கரத்தில் சுருண்டது. விலகாமல் நின்ற லெய்பாக்கின் முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒடிந்தது எல்லாருக்கும் கேட்டது.

அதற்குப்பின் நடந்ததை யாரும் நிறுத்தியிருக்க முடியாது. கண்ணாடி நொறுங்கியது. ரஸ்ஸலைக் கதவு வழியாக உருவிப் போட்டார்கள். உதைகள் விழுந்தன. ஒருவன் மண்வெட்டியை அவன் தலைக்கு நேரே ஓங்கினான்.

அந்த நேரம் லெய்சாலே சம்மட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். ஓங்கிய மண்வெட்டி அந்தரத்தில் நின்றது. கூட்டம் விலகி வழிவிட்டது. ரஸ்ஸல் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

அவள் அவனைத் தாண்டிப் போனாள். தன் வீட்டின் மூலையில், இன்னும் விழாமல் நின்ற உத்தரத்துக்குக் கீழே சுவரில் முதல் அடி போட்டாள்.

"பைத்தியமா? அது உன் வீடு," என்று கத்தினான் ரஸ்ஸல்.

"ஆமா. என் வீடுதான்."

இரண்டாவது அடியில் செங்கல்போல் அடுக்கிய சிமெண்ட் கற்கள் பொடியாய் உதிர்ந்தன. மண்வெட்டி வைத்திருந்தவன் அதைத் திருப்பிப் பிடித்துச் சுவரிடம் வந்தான். கடப்பாரைகள் வந்தன. எத்தனையோ விடியலில் சுமந்த மணலை அவர்களே உடைத்துக் கொட்டினார்கள். உள்ளேயிருந்து வந்த கம்பி, முழங்காலில் வைத்து அழுத்தினால் வளைந்தது.

லெய்பாக்கை ஒரு சென்ட்ரிங் பலகையில் கிடத்தி ஊர் வேனில் ஏற்றினார்கள். வலியில் உதடு வெளுத்திருந்தது. "முட்டு நல்லாக் கொடுங்கடி," என்றாள், "எனக்காச்சும்."

ரஸ்ஸல் தன் லாரியின் சக்கரத்தில் சாய்ந்து போனில் போலீசைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மனாசே வந்தார். அவர் கையில் புதிய நமேலே ஓலைகள். நசுங்கியவற்றை எடுத்துவிட்டு, லாரிக்கு முன்னால் மெதுவாகக் கட்டினார். "இப்ப இது என்னுது," என்றார். "மிதிச்சதுக்குப் பன்றி. செத்ததுக்கு நியாயம். முழுக்கூலி, நல்ல கம்பி, ஆத்துமணல். அதுவரைக்கும் இந்த ஊர்ல கலவை இல்ல. வெள்ளிக்கிழமை வர்றவங்க இந்தக் கம்பியோடதான் போட்டோ எடுப்பாங்க."

"வீடு அடுத்த ஊருக்குப் போயிட்டா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அந்த ஊருக்கும் ஆள் அனுப்பியாச்சு. இந்தக் கம்பியில ஒண்ணைக் கொடுத்து."

எல்லாரும் வாசலில் உட்கார்ந்தார்கள். வடக்கே மேகம் கறுத்து, பெரிய துளிகள் விழத் தொடங்கின. ஒருவரும் எழவில்லை.

கிழிந்த உதட்டோடு தாரி வந்து சற்றுத் தள்ளி நின்றான். உட்காரவும் முடியாமல், போகவும் முடியாமல் நின்றான். லெய்சாலே வெகுநேரம் அவனைப் பார்க்கவில்லை. தூரத்தில் போலீஸ் வண்டியின் ஊளை கேட்டபோது பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காரு," என்றாள். "மன்னிச்சுட்டேன்னு நினைக்காத. உன் வழக்கு தனி. இப்ப கையைக் கோத்துக்கோ."

அவன் உட்கார்ந்து கையை நீட்டினான். நகம் பிய்ந்த விரல்களால் அவள் அதைப் பிடித்தாள், வலித்தது, விடவில்லை. வரிசை நெடுகக் கைகள் இறுகின. மழைக்குள்ளிருந்து முதல் வண்டியின் விளக்கு தெரிந்தது.