மார்பளவு தண்ணீருக்கு ஒரு சான்று

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேள்விகூட என்னுடையது இல்லை.

எங்கள் குடும்ப டாக்டரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் ஒரு பலகை. விடுப்புச் சான்று, உடற்தகுதிச் சான்று, காப்பீட்டு அறிக்கை எல்லாவற்றுக்கும் தனிக் கட்டணம், ஆலோசனைக் கட்டணத்தில் சேராது என்றது. அதைப் படித்துவிட்டு ஒரு அம்மா வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் கேட்டார்.

"டாக்டர் முடியாதுன்னு எழுதினாலும் இதே காசுதானா?"

"ஆமாம்மா. உடம்பைப் பார்க்கிறதுக்குத்தான் காசு. பதிலுக்கு இல்ல."

நான் கேட்டது அவ்வளவுதான். அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மீதியெல்லாம் நான் உண்டாக்கியது.

2

முதல் தொடக்கம்: அன்று காலையிலிருந்தே மழை விடாமல்—

(வேண்டாம். எனக்குத் தொடங்கத் தெரியாதபோதெல்லாம் மழை பெய்யும்.)

இரண்டாவது: மரணத்தின் வாசலில் நின்ற அந்த முதியவள்—

(யார் நின்றது? அந்த அம்மா என்னைவிடத் தெம்பாக இருந்தார்.)

மூன்றாவதுதான் நிலைத்தது. அவர் ஓய்வுபெற்ற பூகோள டீச்சர். கடல்களின் பெயர்களை வகுப்பு வகுப்பாக ஒப்பிக்க வைத்தவர். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றதில்லை. இப்போது நீச்சல் கற்கும் ஆசை வந்திருக்கிறது. அவர் வயதுக்காரர்கள் டாக்டரின் சான்றோடு வந்தால்தான் நீச்சல் குளத்தில் சேர்த்துக்கொள்வார்கள்.

சிக்கல் அவருடைய மகன். அவனுக்கும் அதே டாக்டர்தான். முந்தின நாளே போன் போட்டுவிட்டான்.

"டாக்டர், அம்மா வருவாங்க. உடம்பு தாங்காதுன்னு ஒரு வரி எழுதிடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"பார்க்காம எப்படிப்பா எழுதறது?"

"அதான் நான் தினமும் பார்க்கிறேனே!"

3

டாக்டர் போனை வைத்தாள். அவன் கேட்டது தனக்கும் வசதிதான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆகாது என்று எழுதிய டாக்டரை யாரும் பிறகு கேள்வி கேட்பதில்லை. நாற்காலியில் பத்திரமாக உட்கார்ந்தே தேய்ந்துபோகிறவர்களுக்காக எந்த விசாரணையும் நடப்பதில்லை. ஆகும் என்று எழுதினால்தான் கையெழுத்துக்குப் பக்கத்தில் பயமும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

* இந்த இடத்தில் டீச்சரின் இதயத்தில் ஒரு கோளாறு வைத்திருந்தேன். கதைக்குக் கனம் சேருமே என்று. அடித்துவிட்டேன். என் கதை நன்றாக வர வேண்டும் என்பதற்காக இன்னொருத்திக்கு நோய் கொடுப்பதா?

4

மறுநாள் டாக்டர் டீச்சரை அவசரமில்லாமல் சோதித்தாள். இரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்கியிருந்தது. முழங்கால்கள் மோசம். இதயம் தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

"மார்பளவு தண்ணி. பக்கத்துல கோச் இருக்கணும். அப்படித்தான் எழுதுவேன்."

"கழுத்தளவுன்னு போடுங்களேன்."

"டீச்சர், இது காய்கறிக் கடை இல்ல."

"சரி, மார்பளவுன்னா யார் மார்பு? கோச் பனை மரம் மாதிரி இருக்கார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு 'இவருடைய மார்பளவு' என்று தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டாள்.

டீச்சர் வெளியே வரவேற்பு மேசையில் பணம் கட்டிக்கொண்டிருந்தபோது மகன் டாக்டரின் அறைக்குள் நுழைந்தான்.

"என்ன எழுதினீங்க?"

"அது அவங்க சான்று. அவங்களைக் கேளு."

"ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகலாம். குளியலறையிலகூட ஆகலாம்."

"குளியலறைன்னா கதவை உடைச்சுட்டு ஓடிடுவேன்." அவன் குரல் இறங்கியது. "எனக்கு நீச்சல் தெரியாது டாக்டர். அம்மா முங்கினா நான் கரையில நின்னு கத்தத்தான் முடியும்."

இத்தனை நாள் அம்மாவின் உடம்பு என்று அவன் சொல்லிவந்தது இதைத்தான். டாக்டர் அவன் தோளைத் தொட்டாள். இதையும் அவள் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

5

முடிவு ஒன்று: டீச்சர் மீன் மாதிரி நீந்துகிறார். (விளம்பரப் படம்போல இருக்கிறது.)

முடிவு இரண்டு: தண்ணீர் அவரை—

(கை வரவில்லை. மகனுடைய பயத்துக்கு நானும் சாட்சி சொன்னதாகிவிடும்.)

காரில் ஏறும்போது நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். சான்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டே டீச்சர் சொன்னார்:

"வழியில துணிக்கடையில நிறுத்து. ரெண்டு துண்டு வாங்கணும்."

"எதுக்கு ரெண்டு? ஒண்ணு போதாதா?"

"எனக்கு ஒண்ணு போதும்."

மகன் சாவியைத் திருகாமல் அவரையே பார்த்தான். பெற்று இத்தனை வருடம் வளர்த்தவருக்கு அவனைப் பற்றி எந்த டாக்டரும் சொல்ல வேண்டியதில்லை.

அவன் என்ன பதில் சொன்னான் என்று என்னைக் கேட்காதீர்கள். பின் இருக்கை காலியாகத்தான் இருக்கிறது. வேண்டுமானால் நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள். எனக்கு வீடு பக்கம்தான். நான் நடந்தே போய்விடுவேன்.