மேஸ்திரியின் கையெழுத்து

மேஸ்திரி செத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பெரியவன் ஒரு உயிலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். வீடு முழுக்க அவனுக்காம். தங்கைக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாதாம். பெற்ற தாய் 'மகன் விருப்பப்படி' இருந்துகொள்ளலாமாம். வெட்கங்கெட்ட எழுத்து! அவன் ஹார்டுவேர் கடை படுத்துவிட்டது, சரி. அதற்கு அப்பன் கட்டிய வீடுதானா கிடைத்தது? விற்க ஆளும் பார்த்துவிட்டான்.

சின்னவள் விடுவாளா? தையல் ஆலையில் நாளெல்லாம் நின்று உழைத்துவிட்டு வந்து, அப்பாவைக் கடைசிவரை தூக்கி உட்கார வைத்தவள் அவள். "இது அப்பா எழுதினதே இல்ல" என்று ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் வக்கீலம்மாவின் அறைக்கு வந்தார்கள்.

வக்கீலம்மா உயிலையும் பழைய வங்கிப் படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அச்சு அசலா ஒண்ணா இருக்கும்மா. கையெழுத்த வச்சு இதப் பொய்னு சொல்ல முடியாது."

சின்னவள் முகம் செத்துப்போயிற்று. பெரியவன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

அம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். முதல் எழுத்தில் கொக்கி, கடைசியில் கீழே இழுத்த கோடு, அடியில் இரண்டு புள்ளி. எல்லாம் அவள் கை! மேஸ்திரிக்கு எழுத்து வாசனையே கிடையாது. சுவருக்கு நூல் பிடித்தால் மயிரிழை பிசகாது, பேனா பிடித்தால் விரல் மரத்துவிடும். கல்யாணமான இரண்டாம் வாரமே அதைச் சொல்லி அழுதார். அன்றிலிருந்து படிவங்களெல்லாம் வீட்டுக்கு வரும், அவள் போடுவாள். நேரில் போட்டே ஆகவேண்டும் என்றால் வலது கையில் துணியைச் சுற்றிக் கட்டி அனுப்புவாள். கொத்து வேலை செய்கிறவர் கையில் காயம் என்றால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? "பாத்து வேலை செய்யுங்க மேஸ்திரி" என்று இடது கட்டைவிரலை மையில் உருட்டி அனுப்பிவிடுவார்கள். முப்பத்தெட்டு வருஷம் ஊரையே ஏமாற்றிய ஜோடி!

பிள்ளைகளுக்கும் தெரியாது. "நான் செத்தாலும் இதுங்களுக்குத் தெரியக் கூடாது" என்று அவர் சத்தியம் வாங்கியிருந்தார். சொன்னால் அந்த மனுஷனின் மானம் போகும். சொல்லாவிட்டால் மகள் தெருவில் நிற்பாள்.

"நீயே சொல்லும்மா, இது அப்பா கையெழுத்துதானே?" என்றான் பெரியவன். கூசாமல் கேட்டான், பாருங்கள்.

அவள் வக்கீலம்மாவிடம் பேனாவை வாங்கினாள். வெள்ளைத்தாளில் நிறுத்தாமல் ஐந்து முறை போட்டாள். கொக்கி, கோடு, இரண்டு புள்ளி.

"இது என் கையெழுத்துடா. உங்கப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுப் பத்திரத்த எடுத்துப் பாரு, கைநாட்டுதான் இருக்கும். நீ என்னைப் பாத்துக் காப்பி அடிச்சிருக்க."

வக்கீலம்மா அவர்கள் கொண்டுவந்த காகிதக் கட்டிலிருந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் புரட்டினார். கைநாட்டுதான். "அவர் கையெழுத்துப் போட்டதக் கண்ணால பாத்தோம்னு ரெண்டு பேர் சாட்சி போட்டிருக்காங்களே தம்பி?" என்றார்.

பெரியவன் அம்மா பக்கம் திரும்பினான்.

"ஹாஸ்டல்லேருந்து அப்பாவுக்குன்னு தனியா லெட்டர் போடுவேனேம்மா?"

"நான்தான் படிச்சுக் காட்டுவேன். 'அம்மாகிட்ட காட்டாதீங்க'ன்னு நீ எழுதினதையும் சேத்து."

"பரீட்சையில ஃபெயிலானத எழுதினேனே. அதுக்கு வந்த பதில்?"

"அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினது. உன் லெட்டர மூணு தடவ படிக்கச் சொன்னார். அப்புறம், 'எழுதும்மா, நமக்கு வீடு இருக்கு, கிளம்பி வந்துடுன்னு எழுது'ன்னார்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. பிறகு உயிலை அம்மா பக்கம் தள்ளினான்.

"கிழிச்சுடும்மா."

அவள் கிழித்தாள். இரண்டு மாதமாக அடக்கிவைத்த அழுகை அப்போதுதான் வந்தது. அந்த மேசைமேலேயே தலையைச் சாய்த்து, "சொல்லிட்டேங்க, என்னை மன்னிச்சுடுங்க" என்று மேஸ்திரியிடம் அழுதாள்.