அன்பின் அடையாளமாக ஒரு மூக்குக் கண்ணாடி

அந்த வீட்டில் எதுவும் மனப்பாடமாகாமல் வாசலைத் தாண்டியதில்லை. அப்பா டியூஷன் வாத்தியார். முன்னறையில் நாலு பெஞ்சு போட்டு, படிப்பு ஏறாத பிள்ளைகளைக் கரை சேர்ப்பது அவர் தொழில். புரிந்ததா என்பதெல்லாம் பிறகு. முதலில் ஒரு வரி பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். அப்படி ஒப்பித்தே வளர்ந்த மகள், கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, லென்ஸ் வெட்டும் மெஷினைப் பழுது பார்க்க வந்த ஒரு வெளிநாட்டுக்காரனைக் காதலித்தாள். அப்பாவிடம் கேட்டுப் படிக்காமல் அவள் செய்த முதல் காரியம் அதுதான்.

அந்த மெஷினுக்கு அவர்கள் மேல் என்ன பாசமோ, சரியாகிச் சரியாகிப் பழுதானது. அவன் தங்கிவிட்ட அந்த மாதங்களில் மத்தியானச் சாப்பாடு அவள் வீட்டில். அம்மா சோற்றோடு தன் தமிழையும் பரிமாறினாள். விளைவு, அவன் வாயைத் திறந்தால் அம்மாதான் பேசினாள், பெருமூச்சு உட்பட. வேலை முடிந்து அவன் ஊருக்குப் போனபோது எல்லோருக்கும் முன்னால் அழுதவளும் அம்மாதான்.

பிரிந்து இருக்க முடியாது என்று மகள் சொன்ன அன்று, அப்பா கரும்பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு வழிகளை அலசினார். வேலை விசாவில் அவனைக் கூப்பிடலாம்; ஆனால் கடை முதலாளி, "மெஷின்தான் இப்ப ஓடுதேம்மா" என்று கையை விரித்துவிட்டார். வருங்காலக் கணவனாக வரலாம்; ஆனால் வந்ததும் விசா கொடுப்பவர்கள் சொல்லும் தேதிக்குள் கல்யாணம் முடிய வேண்டும். "கல்யாணத்துக்குக் கெடு வைக்க அவங்க என்ன கடன்காரங்களா?" என்று அம்மா அந்தக் கதவைச் சாத்தினாள். அவள் அங்கே போகலாமென்றால், அந்த நாட்டு வரிசை இதைவிட நீளம். தவிர, அவனுடைய வாடகை அறையில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். மிச்சம் ஒரே வழி: கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டு, கணவனாக அழைப்பது.

அவன் லீவில் வந்தான். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அவன் திரும்பிப் போகும்போது, அவள் தன் கையாலேயே பவர் பார்த்து, லென்ஸ் தேய்த்து, ஒரு மூக்குக் கண்ணாடி செய்து அவனுக்கு மாட்டிவிட்டாள்.

விசாவுக்கு நேர்காணல் உண்டு. அவளுக்கு இங்கே, அவனுக்கு அங்கே, கேள்விகள் மட்டும் ஒன்று. பொய்க் கல்யாணமா, மெய்க் கல்யாணமா என்று பார்ப்பார்களாம். கேள்வி என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பாவுக்குள் இருந்த வாத்தியார் எழுந்துவிட்டார். வீடியோ காலில் மாப்பிள்ளையையும் பக்கத்தில் மகளையும் வைத்துக்கொண்டு தினமும் வகுப்பு. "மறுபடி சொல்லுங்க மாப்பிள்ளை. 'அணிந்திருக்கிறேன்' இல்ல, 'அணிந்து வருகிறேன்'." மாப்பிள்ளை பெருமூச்சு விட்டான். ஆனாலும் படித்தான்.

நேர்காணல் நன்றாகவே போனது என்று இருவரும் நினைத்தார்கள். பிறகு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இரண்டு பேர் பதிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதாம். "மனைவி கணவனுக்குக் கொடுத்த பரிசு என்ன?" என்றதற்கு இவள், "அன்பின் அடையாளமாக ஒரு மூக்குக் கண்ணாடி. அதை அவர் நாள்தோறும் அணிந்து வருகிறார்" என்றாள். கடல் தாண்டி இருப்பவனும், "அன்பின் அடையாளமாக ஒரு மூக்குக் கண்ணாடி. அதை நான் நாள்தோறும் அணிந்து வருகிறேன்" என்றானாம். எந்தப் புருஷன் பெண்டாட்டி இப்படிப் பேசுவார்கள்? இன்னொரு முறை விசாரிப்பார்கள், இருவரையும் சேர்த்து. அதிலும் சந்தேகம் தீராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

அப்பா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "இந்தத் தடவை கொஞ்சம் மாத்தி மாத்தி எழுதித் தரட்டுமா?" என்றார்.

"போதும்பா," என்றாள் மகள். ஊரையே ஏமாற்றுகிறவர்கள் உள்ளே போய்விடுகிறார்கள், உண்மையாகக் கட்டிக்கொண்ட இவர்கள் பொய்யர்களாக நிற்கிறார்கள். அவன் வராமலே போய்விடுவானோ என்ற பயம் அவளைத் தின்றது.

விசாரணை அறையில் ஒரு மேசை, ஒரு திரை, ஒரு அதிகாரி அம்மாள். அந்த அம்மாளின் கண்ணாடி மூக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. வேறு நாளாக இருந்தால் இவள் கை சும்மா இருந்திருக்காது. திரையில் அவன் முகம் வந்தது. இளைத்திருந்தான்.

"உங்க முன்னால இருக்கறது நீங்க கொடுத்த வாக்குமூலம். படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க," என்றார் அதிகாரி, திரையைப் பார்த்து.

அவன் தாளை எடுத்தான். கிட்டே கொண்டுவந்தான். பிறகு கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்துக் கண்ணை இடுக்கினான்.

"கண்ணாடி எங்க?" என்றாள் இவள்.

"நான் அவரைக் கேட்டேன்," என்றார் அதிகாரி.

"இருங்க மேடம். கண்ணாடி எங்கன்னு கேட்கறேன்ல?"

"ஆரம்பிச்சுட்டியா?" என்றான் அவன். "வந்து உட்காரல, அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டியா?"

"தினமும் போடறேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணல? வாக்குமூலத்துல வேற அளந்து விட்டிருக்க."

"நானா விட்டேன்? உங்கப்பா விட்டாரு. நான் மனப்பாடம் பண்ணேன். உன்னோட பெரிய ரோதனையா போச்சு. இரு, உங்கம்மாகிட்ட சொல்றேன்."

அதிகாரி அம்மாள் இருமினார். அது இருமல்தானா என்பது சந்தேகம்.

"இவருக்கு இப்படிப் பேச யாரு சொல்லிக் கொடுத்தாங்க?"

"எங்கம்மா."

"அதை ஏன் போன தடவை சொல்லல?"

"நீங்க கேட்கலையே மேடம். அப்பாவும் எழுதித் தரல." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

திரையில் அவன் சட்டைப் பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்தான். கைக்குட்டையில் சுற்றிய கண்ணாடி. காதில் மாட்டும் கம்பி ஒருபக்கம் தனியாக வந்திருந்தது.

"மேல உட்கார்ந்துட்டேன். ரொம்ப நாளாச்சு. சொன்னா திட்டுவ."

"அங்க கடையே இல்லையா? சரி பண்ணிப் போட்டுக்கக் கூடாதா?"

"நீ செஞ்சது. வேற ஆளு கையில எப்படிக் குடுக்கறது?" என்றான் அவன். "நான் வரும்போது உன் கையில குடுக்கலாம்னு வெச்சிருக்கேன்."

அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, மேசையில் இருந்த காகிதத்தை நனையாமல் அவசரமாக நகர்த்தினாள். அதிகாரி அம்மாள் வழுக்கிய கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு வெகுநேரம் எழுதினார். "என் வீட்லயும் இதே கதைதான்," என்று மட்டும் முணுமுணுத்தார்.

விசா வந்தது.

விமான நிலையத்துக்கு மூவரும் போனார்கள். இரண்டு நாளாக அவள் ஏதோ முணுமுணுத்தபடி இருந்ததை அப்பா கவனித்திருந்தார். அவனைப் பார்த்ததும் சொல்ல அழகாக ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தாள். வாத்தியார் மகள் வேறெப்படி இருப்பாள்? கண்ணாடிக் கதவு திறந்து, பெட்டியைத் தள்ளிக்கொண்டு அவன் வந்தான். வந்தவன் பெட்டியை விட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அப்படியே அவள் கையில் வைத்தான்.

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கைப்பையிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கூட்டம் இடித்துக்கொண்டு போக, நின்ற இடத்திலேயே கம்பியைப் பொருத்த ஆரம்பித்தாள். திருகு இரண்டு முறை நழுவியது.

"என்னமோ சொல்லணும்னு படிச்சுட்டு வந்தியே," என்றார் அப்பா மெதுவாக.

"மறந்துடுச்சுப்பா."

"பரவாயில்லம்மா," என்றார். பாடம் மறந்த பிள்ளையைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.